மலை லாரித் தொழில் மூன்றாம் தலைமுறைக்கு வரும்போது

கோத்தகிரியில் உங்கள் தாத்தா ஒரே ஒரு பழைய லாரியோடு தொடங்கிய தொழிலை அப்பா இன்று நான்கு வண்டிகளோடு நடத்திவருகிறார் என்றும், அவருக்கு எழுபது வயது நெருங்குகிறது என்றும், அண்ணன் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டதால், கோயம்புத்தூரில் கணக்குத் துறையில் பணியாற்றும் நீங்கள் இதை ஏற்று நடத்துவதா, வண்டிகளை விற்றுவிடுவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். லாரித் தொழில் பெண்களுக்கு ஒத்துவராது என்று உறவினர்கள் சொல்வதையும் எழுதியிருக்கிறீர்கள். குன்னூரில் லாரி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, மேட்டுப்பாளையத்தில் நெடுங்காலமாக லாரிகளுக்கு லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸ் நடத்திவருபவன் என்ற முறையில் என் பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஏற்று நடத்தலாம் என்பதே என் கருத்து. ஆனால் எதை ஏற்கிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். நான்கு லாரிகளை எண்ணி அதைத் தொழில் என்று கருதினால் கணக்கு தவறிப்போகும். லாரி தேய்கிற பொருள். தாத்தா வாங்கிய வண்டி எதுவும் இன்று உங்கள் வீட்டு வாசலில் நிற்காது. கைமாறி வருவது லோடுதான். எந்தத் தோட்டத்துக்காரர் அறுவடைக்கு முந்தைய நாள் உங்கள் அப்பாவைக் கூப்பிடுகிறார், எந்த மண்டிக்காரர் வாடகையைத் தாமதிக்காமல் கொடுக்கிறார், எந்தத் தேயிலைத் தொழிற்சாலை மற்றவரிடம் விலை கேட்காமலே உங்கள் வண்டிக்குச் சரக்கை ஏற்றுகிறது என்பவைதான் அந்தக் குடும்பத்தின் சொத்து. அவை அப்பாவின் கைப்பேசியிலும் நினைவிலும் மட்டுமே இருந்தால், அவர் ஓய்வுபெறும் நாளில் நான்கு பழைய வண்டிகளைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது.

இந்த மலையில் லாரிக் குடும்பங்கள் மூன்று தலைமுறை நீடித்ததற்குக் காரணம், ஒவ்வொரு தலைமுறையும் ஏற்றுகிற சரக்கை மாற்றிக்கொண்டதுதான். மலை ரயில் 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் உதகைக்கும் வந்தது. ஆனால் அதில் இறங்கிய சரக்கை மேட்டுப்பாளையத்தில் அகலப் பாதை வண்டிக்கு மாற்றி ஏற்ற வேண்டும். தோட்டத்து ஓரத்திலேயே மூட்டையை ஏற்றி, மண்டி வாசலிலேயே இறக்கும் வசதி லாரி வந்த பிறகே கிடைத்தது. உங்கள் தாத்தா தொழிலுக்கு வந்த காலத்தில் நீலகிரி லாரி என்றால் உருளைக்கிழங்கு லாரி. கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிகளில் ஏலம் போய், அங்கிருந்து சென்னை கொத்தவால்சாவடிச் சந்தை வரை சென்றது. நீலகிரி விதைக்கிழங்குக்கு வெளி மாநிலங்களிலும் பெயர் இருந்தது.

1961-ல் நீலகிரியின் கிழங்கு நிலங்களில் செடியின் வேரைத் தாக்கும் தங்க நூற்புழு கண்டறியப்பட்டது. நோய் பரவாமல் இருப்பதற்காக 1971-ல் இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே செல்லத் தடை வந்தது. அது உழவர்களை எப்படிப் பாதித்தது என்பதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். லாரிக்காரர்களைப் பாதித்ததைப் பற்றிப் பேசுவோர் குறைவு. விதைக்கிழங்கை மட்டுமே நம்பி நெடுந்தூர வண்டி வாங்கியவர்களுக்குச் சரக்கே இல்லாமல் போனது. அப்போது வண்டியை விற்றவர்களும் உண்டு. தேயிலைப் பக்கம் திரும்பியவர்களும் உண்டு. திரும்பியவர்களுக்குக் காலம் கைகொடுத்தது. குன்னூரில் 1963-லேயே தேயிலை ஏலம் தொடங்கியிருந்தது. சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளை இணைக்கும் இன்கோசர்வ் 1965-ல் உருவாகியிருந்தது. எண்பதுகளில் படகர் ஊர்களில் கிழங்கு நிலங்கள் தேயிலைத் தோட்டங்களாக மாறிக்கொண்டே போயின.

தேயிலை லாரிக்காரருக்கு இரண்டு விதமான வேலை கொடுத்தது. ஒன்று, கொழுந்து. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதால், தொழிற்சாலைக்குள் போகிற எடை வெளியே வருகிற எடையைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். அதுவும் பறித்த அன்றே போய்ச் சேர வேண்டும். கொழுந்தை அழுத்தி அடைத்து வெயிலில் நிறுத்தினால் உள்ளே சூடேறிச் சிவந்துவிடும், தொழிற்சாலையில் விலை குறைப்பார்கள். மற்றொன்று, கொச்சித் துறைமுகத்துக்கும் கோயம்புத்தூர்க் கிடங்குகளுக்கும் போகும் தேயிலைத் தூள். இதற்கு அவசரம் குறைவு, ஆனால் மழைநீர் ஒரு சொட்டும் படக்கூடாது. நல்ல தார்ப்பாய் வைத்திருப்பவர் என்று பெயர் எடுத்தவருக்குத்தான் அந்த லோடு கிடைத்தது. தொழிற்சாலைக் கொதிகலன்களுக்குக் கற்பூர மர (யூகலிப்டஸ்) விறகும் சீகை மர விறகும் ஏற்றிச் செல்வது மூன்றாவது வரும்படியாக இருந்தது.

நம் தேயிலையைப் பெருமளவில் வாங்கிவந்த சோவியத் நாடு சிதறியதும், தொண்ணூறுகளின் இறுதியில் கொழுந்து விலை சரிந்ததும் அந்தக் காலத்தையும் முடிவுக்குக் கொண்டுவந்தன. அதற்குப் பிறகு கேத்தி பாலாடா போன்ற பள்ளத்தாக்குகளில் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பூண்டு ஆகியவை பெருகின. 1996-ல் கோயம்பேடு சந்தை திறந்தது சென்னைப் பயணத்தின் கால அட்டவணையையே மாற்றியது. கழுவிய கேரட் விடியற்காலைச் சந்தையில் நின்றால்தான் விலை. ஒரு நாள் தாமதித்தால் நிறம் கறுத்து, வாடகை கட்டவே போதாத விலைக்குப் போகும். உங்கள் அப்பா பார்த்தது இந்தத் தொழிலைத்தான். உங்கள் தாத்தாவிடமிருந்து அப்பா பெற்றுக்கொண்ட லோடு எதையும் அப்படியே உங்களிடம் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நீங்களும் அதே லோடை வைத்துக்கொண்டே இருக்கப்போவதில்லை.

இனி, இந்த மலை குடும்ப லாரிகளுக்குக் கொடுத்த பாதுகாப்பையும் அது குறைந்து வருவதையும் சொல்ல வேண்டும். சமவெளியில் நாமக்கல், சங்ககிரிக்காரர்களின் பெரிய வண்டிகளோடு நான்கு லாரி வைத்திருப்பவர் போட்டியிட முடியாது. மலையில் முடிந்தது. நீளமான வண்டி கொண்டை ஊசி வளைவில் ஒரே திருப்பில் திரும்பாது. கோத்தகிரிக்கு அப்பாலுள்ள ஊர்ச் சாலைகளில் நுழையவே நுழையாது. மழைக்காலத்தில் எந்த இடத்தில் மண் இளகும், எந்தத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் பதினைந்து மூட்டைக்கு மேல் ஏற்றினால் சக்கரம் புதையும் என்பதெல்லாம் வெளியூர் ஓட்டுநருக்குத் தெரியாது. 1993 நவம்பரில் குன்னூர்ச் சாலையில் மரப்பாலம் என்ற இடத்தருகே நிலச்சரிவு ஏற்பட்டபோதும், 2009 நவம்பரில் மாவட்டம் முழுவதும் சாலைகள் அறுபட்டபோதும், எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று அறிந்து மாற்றுவழியில் இறக்கித் தந்தவர்கள் உள்ளூர் லாரிக்காரர்கள்தான். கோடைப் பருவத்தில் குன்னூர்ச் சாலையில் ஏறி கோத்தகிரிச் சாலையில் இறங்க வேண்டும் என்ற ஒருவழி ஏற்பாடும், பகலில் கனரக வண்டிகளுக்கான கட்டுப்பாடும் வரும்போது, நேரத்தைக் கணித்து லோடு பிடிப்பவர்களும் அவர்களே. கூடலூர் வழியே மைசூருக்கு அனுப்புவதானால், பந்திப்பூர்க் காட்டில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை 2009 முதல் இருந்துவரும் தடையையும் கணக்கில் கொண்டே வண்டியைக் கிளப்ப வேண்டும்.

அந்தப் பாதுகாப்பைக் குறைத்தவை சின்ன வண்டிகள். 2005-ல் வந்த டாடா ஏஸும் அதற்குப் பின் பெருகிய பிக்கப் வண்டிகளும் உழவரையே வண்டிக்காரராக்கிவிட்டன. இரண்டு ஏக்கர் கேரட் போட்டவர் தன் சரக்கைத் தானே மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிவிட்டு, அடுத்த தோட்டத்துச் சரக்கையும் வாடகைக்கு ஏற்றுகிறார். உங்களிடம் உள்ள நான்கில் இரண்டு சிறிய வண்டிகள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டும் நேரடியாக இவர்களோடு போட்டியிடுகின்றன. பெரிய இரண்டும் மேட்டுப்பாளையத்திலிருந்து சென்னை, கொச்சி போகிற வேலையில் சமவெளிக்காரர்களோடு போட்டியிடுகின்றன. இரண்டு முனையிலும் வாடகையைக் குறைத்து வெல்ல முடியாது. தோட்டத்தில் ஏற்றிய சரக்கைக் கோயம்பேட்டில் இறக்கும் வரை ஒரே பொறுப்பில் வைத்துக்கொள்வது ஒன்றுதான் பிக்கப் வைத்திருக்கும் உழவராலும் நாமக்கல் லாரியாலும் முடியாத காரியம். சிறிய வண்டி இறக்கிய சரக்கைப் பெரிய வண்டி காத்திருந்து வாங்கிக்கொள்ளும் அந்த இணைப்பை நீங்கள் உறுதியாக நடத்த முடிந்தால் தொழில் நிற்கும்.

வண்டிகள் மேலே வெறுமையாக ஏறுகின்றனவா என்பதை அடுத்துப் பாருங்கள். மலைத் தொழிலில் லாபம் இறங்கும் லோடில் இல்லை; ஏறும் லோடில்தான் இருக்கிறது. இறங்கும்போது சரக்கு கிடைக்கும், ஏறும்போது டீசல் எரியும். காய்கறித் தோட்டங்களுக்கு நாமக்கல் பக்கத்துக் கோழி எரு, உரம், சிமென்ட், மளிகை, அரிசி என்று ஏற்றி வரும் வண்டிக்கும், ஏற்றமெல்லாம் வெறும் வண்டியாக வரும் வண்டிக்கும் ஆண்டு முடிவில் வரும் வித்தியாசம் ஒரு ஓட்டுநரின் சம்பளத்துக்கு மேல் இருக்கும். அப்பாவிடம் ரிட்டன் லோடு தருபவர்கள் யார் யார் என்று கேட்டுப் பெயர், எண், எப்போது பணம் தருவார்கள் என்பதைத் தனியே எழுதி வையுங்கள்.

கணக்குத் துறையில் இருப்பவர் என்பதால் அடுத்து வருவதில்தான் உங்களுக்குத் தெளிவு கிடைக்கும். அப்பாவின் டிரிப் நோட்டை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான லாரிக் குடும்பங்களில் அந்த நோட்டு ஒரே மாதிரி இருக்கும்: இடப்பக்கம் வாடகை, வலப்பக்கம் டீசல், பேட்டா, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சுங்கச்சாவடி, அடியில் மீதி. அந்த மீதியைத்தான் லாபம் என்று வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். டயர் அதில் இருக்காது. எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, வண்டியைக் காட்டும் முன் செய்யும் பாடி வேலையும் பெயிண்டும் இருக்காது. இன்சூரன்ஸ், காலாண்டு வரி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் பிரேக் லைனர் எதுவும் இருக்காது. அப்பா விடியற்காலையிலிருந்து போனில் பேசி லோடு பிடிக்கும் வேலைக்கு ஒரு ரூபாயும் இருக்காது. இவற்றையெல்லாம் ஒவ்வொரு டிரிப்புக்கும் பங்கிட்டுப் போட்டுப் பாருங்கள். நான்கு வண்டிகளில் குறைந்தது ஒன்று தன் விலையையே தின்றுகொண்டு ஓடுவது தெரியவரும் என்று நினைக்கிறேன்.

இப்படிக் கணக்கு வைக்காத பழக்கம் வளர்ந்ததற்கு வருமான வரிச் சட்டமும் ஒரு காரணம். பத்து சரக்கு வண்டிகளுக்கு மேல் இல்லாதவர்கள், வண்டி ஒன்றுக்கு மாதம் 7,500 ரூபாய், 12 டன்னுக்கு மேற்பட்ட கனரக வண்டியானால் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று வருமானத்தை அனுமானித்து வரி கட்டலாம் என்ற வசதி நெடுங்காலமாக இருந்துவருகிறது. சிறு லாரிக்காரருக்கு அது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் வரிக்கு வேண்டாத கணக்கு தொழிலுக்கும் வேண்டாம் என்று பலர் எண்ணிவிட்டார்கள். நீங்கள் வரியை அந்த முறையில் கட்டினாலும், வண்டிவாரியாக உண்மைக் கணக்கு ஒன்றைத் தனியே வைத்தே தீர வேண்டும்.

வண்டியின் வயதையும் அந்தக் கணக்கோடு சேர்த்தே பாருங்கள். வெளி மாநிலங்களுக்கு ஓட்ட உதவும் நேஷனல் பெர்மிட் சாதாரண லாரிக்கு 12 வயது வரைதான், பல அச்சு வண்டிக்கு 15 வயது வரை. அந்த வயதைத் தாண்டிய லாரி நேஷனல் பெர்மிட்டில் கொச்சிக்குத் தூள் ஏற்றிப் போக முடியாது. எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இருக்கும் எஃப்.சி., அதற்குப் பிறகு ஆண்டுதோறும் வரும். ஆகவே பதினோரு வயது லாரிக்கு இன்று கிடைக்கும் விலையும் பதின்மூன்றாம் வயதில் கிடைக்கும் விலையும் ஒன்றாக இராது. விற்க வேண்டியது எது என்று முடிவுசெய்யும்போது எஞ்சின் ஓடும் அழகைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். புதிதாக வாங்குவதானால், 2020 ஏப்ரலுக்குப் பிறகு வரும், புகை அளவைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 வண்டிகள் வேறு வகைக் கவனிப்பைக் கேட்பவை. தாத்தாவின் வண்டி மலைச்சாலையில் பர்லியாறில் நின்றுபோனால் கிளீனரே ஸ்பானரோடு கீழே படுத்துச் சரிசெய்திருப்பார். இன்றைய வண்டியில் புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்புளூ திரவம் தீர்ந்தால் எஞ்சின் தன் இழுவையைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏற்றத்தில் லோடோடு அது நேர்ந்தால் பின்னால் வரிசை கட்டி நிற்கும் வண்டிகளுக்கும் ஆபத்து. மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும் முன் டீசல் அளவோடு அதையும் பார்க்கும் பழக்கத்தை ஓட்டுநர்களிடம் கட்டாயமாக்குங்கள்.

இப்போது வாரிசுரிமைக்கு வருகிறேன். இதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மலையில் நல்ல நிலையில் இருந்த பல லாரிக் குடும்பங்கள் இந்த இடத்தில்தான் குலைந்தன. நான்கு வண்டிகளும் அப்பா பெயரிலேயே இருக்கின்றன என்றால், அவர் நலமாக இருக்கும்போதே மாற்றத்தைத் தொடங்குங்கள். உயிரோடு இருக்கும் உரிமையாளர் கையெழுத்திட்டு மாற்றித் தருவது சில வாரங்களில் முடியும் வேலை. கடன் பாக்கி இருந்தால் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் தடையின்மைச் சான்று தேவைப்படும்.

அப்பா காலமான பிறகு என்றால் நிலைமை வேறு. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் வாரிசு அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெர்மிட் தனி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 82-ஆவது பிரிவு, 30 நாளுக்குள் தகவல் கொடுத்த வாரிசுக்கு மட்டுமே மூன்று மாதம் வரை பழைய பெர்மிட்டில் ஓட்ட அனுமதி தருகிறது. மாற்றித் தரக் கோரும் விண்ணப்பமும் அந்த மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். இன்சூரன்ஸும் அப்படியே: ஒரே பெயரில் எடுத்த பாலிசி, அவர் இறந்த நாளிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் நாள், இதில் எது முந்தியதோ அதுவரைதான் செல்லும். துக்க வீட்டில் முதல் மாதம் சடங்குகளிலேயே போய்விடும். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம் அலைவதில் அடுத்த இரண்டு மாதம் போகும். அதற்கிடையே ஓட்டுநர்கள் வழக்கம்போல லோடு ஏற்றிக்கொண்டிருப்பார்கள். நான்காவது மாதம் குன்னூர் அருகே காட்டேரி வளைவில் ஒரு விபத்து நடந்தால், இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அந்தக் குடும்பம் தனியாக நிற்கும். அவ்வாறு நின்று தோட்டத்தையே விற்ற ஒரு குடும்பத்தை எனக்கு நேரடியாகத் தெரியும்.

பங்குரிமையை மறைத்துவைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி அப்பாவின் தனிச்சொத்தில் மனைவி, மகன், மகள், அப்பாவைப் பெற்ற தாய் ஆகியோருக்குச் சம பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதற்கும் 2005-லும் வந்தது. ஆகவே உங்களுக்கு இருப்பது அண்ணன் மனமுவந்து தரும் சலுகை அல்ல, உரிமை. அதே உரிமை அண்ணனுக்கும் உண்டு. ‘அவன் வெளிநாட்டில் நன்றாகத்தானே இருக்கிறான்’ என்று விட்டுவிட்டு, பத்து ஆண்டு உழைத்து வண்டிகளை ஆறாக்கிய பின் அவர் பங்கு கேட்டால் மனமும் முறியும், தொழிலும் முறியும். இன்றே வண்டிகளுக்கு மதிப்புப் போட்டு, அண்ணன் பங்கைப் பணமாகத் தருவதா, பங்குதாரராக வைத்துக்கொள்வதா என்று மூவரும் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். கூட்டாக நடத்துவதானால் கூட்டாண்மைப் பத்திரம் எழுதிப் பதிவுசெய்யுங்கள். ஒருவர் விலகினால் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்ற வரி அதில் இருக்கட்டும். தென்னிந்தியாவின் பெரிய போக்குவரத்துக் குடும்பமான டி.வி.எஸ். குடும்பமே 1911-ல் தொடங்கிய தொழிலைப் பல தலைமுறைகள் ஒன்றாக நடத்திவிட்டு, அண்மையில் கிளைவாரியாகப் பேசி முறைப்படி பிரித்துக்கொண்டது. எழுத்தில் வைத்துப் பிரிந்ததால்தான் ஒவ்வொரு கிளையும் தன் தொழிலைத் தொடர்ந்து நடத்த முடிகிறது.

‘பெண்களுக்கு ஒத்துவராது’ என்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் உரிமையாளர் ஸ்டியரிங் பிடிக்க வேண்டியதில்லை. இரவு இரண்டு மணிக்கு ஓட்டுநரிடமிருந்து வரும் போனை எடுக்க வேண்டும், மண்டியில் பிடித்தம் செய்த தொகைக்குக் காரணம் கேட்க வேண்டும், தொழிற்சாலை மேலாளரிடம் பாக்கியைக் கேட்டு வாங்க வேண்டும். இவற்றில் எதுவும் ஆணுக்கு மட்டும் உரியதன்று. எங்கள் புக்கிங் ஆபீஸில் கணவரை இழந்த பின் மூன்று வண்டிகளைத் தனியே நடத்தி, பிள்ளைகளைப் படிக்க வைத்த அம்மையார் ஒருவருக்குத்தான் மண்டிக்காரர்கள் முதலில் பணத்தை எடுத்துவைப்பார்கள். முதல் ஆறு மாதம் உங்களைச் சோதிப்பார்கள் என்பது உண்மை. அப்பாவே உங்களை அழைத்துக்கொண்டு ஒவ்வொரு மண்டியிலும் தொழிற்சாலையிலும் ‘இனி எல்லாம் மகள்தான்’ என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு யார் அவரைக் கூப்பிட்டாலும் உங்களிடம் பேசச் சொன்னால் அந்தக் காலம் சுருங்கும். அவர் அதை நெஞ்சாரச் செய்ய வேண்டும். பின்னாலிருந்து வாடகையைக் குறைத்துப் பேசிவிடும் தந்தை இருந்தால், மகனோ மகளோ யார் வந்தாலும் நிலைக்க முடியாது.

ஓட்டுநர்களைப் பற்றி எழுதாமல் இந்தப் பதில் நிறைவடையாது. நான்கு வண்டிக்கு மூன்று ஓட்டுநர்கள். அவர்களில் ஒருவர் தாத்தா காலத்திலிருந்தே இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரோடு ஒருமுறை முன் இருக்கையில் அமர்ந்து குன்னூரிலிருந்து கல்லாறு வரை லோடு வண்டியில் இறங்கிப் பாருங்கள். எந்தக் கியரில் இந்த ஏற்றத்தை ஏறுவோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநரின் முதல் பாடம். எஞ்சினும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் வண்டியைத் தாங்க, கால் பிரேக்கை வளைவுக்கு முன் தொட்டுத் தொட்டு விடுவார். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக்கையே மிதித்து இறங்குபவரின் வண்டியில் டிரம் காய்ந்து, லைனர் கருகும் வாடை கேபினுக்குள் வரும். அதற்குப் பிறகு மிதித்தாலும் பிடிக்காது. பர்லியாறில் தேநீருக்கு நிறுத்தும்போது அவர் இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையை நீட்டிச் சூடு பார்ப்பதையும், நான்கில் ஒன்று மட்டும் அதிகம் தகித்தால் அந்தப் பிரேக் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கிளீனரிடம் சொல்வதையும் கவனியுங்கள். சூட்டைத் தணிக்க டிரம்மில் தண்ணீர் ஊற்ற விடமாட்டார். ஊற்றினால் விரிசல் விழும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பார். இவையெல்லாம் எந்த ஓட்டுநர் பள்ளியிலும் முழுமையாகக் கிடைப்பதில்லை. இளைய ஓட்டுநர் இருவரையும் அவரோடு ஒரு மழைக்காலம் முழுவதும் அனுப்பிப் பழக்குவது நீங்கள் செய்யப்போகும் முதலீடுகளில் தலையானது.

அவர்களை ஓவர்லோடு ஏற்றவைக்காதீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக எடைக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். அபராதத்தைவிட இறக்கத்தில் இரண்டு டன் கூடுதலாக இருப்பது பிரேக்குக்கு என்ன செய்யும் என்பதையே நினைவில் வையுங்கள். ‘பத்து சிப்பம்தானே, ஏற்றிக்கொள்ளுங்கள்’ என்று உழவர் கெஞ்சும்போது மறுக்கும் துணிச்சலை ஓட்டுநருக்குக் கொடுப்பது முதலாளியின் கடமை. போக்குவரத்துத் தொழிலாளருக்கு நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று 1961-லேயே சட்டம் வகுத்தது. சென்னைக்கு ஒற்றை ஓட்டுநரை அனுப்பி, காலையில் இறக்கியதும் திரும்பச் சொல்வது நம் தொழிலில் சாதாரணமாகிவிட்டது. அதை நீங்கள் தொடர வேண்டியதில்லை. நான்கு வண்டியில் ஒன்றை விற்றால், மூன்று வண்டிக்கு மூன்று நிரந்தர ஓட்டுநர்களும், சென்னை டிரிப்புக்கு மாற்று ஓட்டுநர் ஒருவரும் என்று வைத்துக்கொள்ள முடியும். அந்தச் செலவைத் தாங்காத வாடகைக்கு லோடு ஏற்றாமல் இருப்பதே மேல்.

நடைமுறையில் நான் சொல்வது இதுதான். வேலையை உடனே விட வேண்டாம். அடுத்த பருவம் முடியும் வரை வார இறுதிகளில் வந்து, நோட்டுகளிலிருந்து வண்டிவாரிக் கணக்கை எடுங்கள். லோடு தருபவர்களின் பட்டியலை எழுதுங்கள். நேஷனல் பெர்மிட் வயதை நெருங்கும் வண்டியை விற்றுக் கடனை அடையுங்கள். அந்தப் பட்டியலில் உங்களிடமே நேரடியாகப் பேசச் சம்மதிப்பவர்கள் மூன்று வண்டிக்கு ஆண்டு முழுவதும் வேலை கொடுக்கும் அளவுக்கு இருந்தால் வந்துவிடுங்கள். அவ்வளவு பேர் இல்லையென்றால், அப்பா நலமாக இருக்கும்போதே முறையாக விற்று, மூத்த ஓட்டுநருக்குச் சேர வேண்டிய தொகையை முதலில் எடுத்துவையுங்கள். விரும்பினால் சிறிய வண்டிகளில் ஒன்றை நியாய விலைக்கு அவருக்கே, தவணையில், எழுத்து மூலமாகக் கொடுங்கள். கோத்தகிரியில் இன்று சொந்த வண்டி ஓட்டும் பலர் அப்படி ஒரு முதலாளியிடமிருந்து வண்டி வாங்கியவர்கள்தான்.